பழைய மினிவேன் வாங்கினால் காசு எங்கே கரைகிறது: பட்டுத் தெரிந்துகொண்டவை

பழைய மினிவேன் வாங்கப் போகிறவர்களுக்குக் கிடைக்கிற அறிவுரை எல்லாம் கார் வாங்குகிறவர்களுக்குச் சொல்வதுதான். எஞ்சின் சத்தத்தைக் கேள், சர்வீஸ் புத்தகத்தைப் பார், டயரைத் தடவிப் பார் என்பார்கள். தப்பில்லை. ஆனால் வண்டி வீட்டுக்கு வந்த பிறகு காசைக் கரைப்பது பெரும்பாலும் காரில் இல்லாமல் மினிவேனில் மட்டும் இருக்கும் சமாச்சாரங்கள்தான். மின்சாரத்தில் ஓடும் ஸ்லைடிங் டோர், பின்வரிசைக்கென்று தனி ஏசி, அதற்காக வண்டிக்கு அடியில் நீளமாக ஓடும் குழாய்கள், தரைக்குள் மடங்கிப் போகும் மூன்றாவது வரிசை. எதை நம்பி இந்த வண்டியை வாங்குகிறோமோ, வயதான வண்டியில் அதுதான் முதலில் தகராறு செய்கிறது. முதல் வருஷத்தில் பழுதுக்கு அழுத பணத்தில் பெரும்பகுதி, விலை பேசும்போதே குறைத்திருக்கக்கூடிய பணம். ஒவ்வொரு பில்லும் கைக்கு வரும்போது கோபம்தான் வந்தது, வண்டி மேல் பாதி, இதை யாரும் சொல்லவில்லையே என்று பாதி. அதனால் வாங்குவதற்கு முன்பு எதைப் பார்க்க வேண்டும், வாங்கிய பிறகு எதைச் செய்ய வேண்டும் என்று வரிசையாகவே எழுதிவிடுகிறேன்.

வண்டி பார்க்கப் போகும்போது குழந்தைகளின் கார் சீட்டுகளையும், வீட்டில் இருப்பதிலேயே உயரமான ஆளையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஏழு பேர், எட்டுப் பேர் என்று விளம்பரத்தில் இருப்பது சீட் பெல்ட்டின் கணக்கு. குழந்தை சீட்டை இரண்டாம் வரிசையில் மாட்டிய பிறகு அந்த வரிசையை முன்னால் தள்ளிப் பின்னால் போக முடிகிறதா என்று பார்க்க வேண்டும். பல மாடல்களில் குழந்தை சீட் கட்டியிருந்தால் அந்த இருக்கை மடங்காது. இரண்டாம் வரிசையில் தனித்தனி இருக்கையாக இருந்தால் நடுவில் நடந்து போகலாம், எட்டுப் பேர் வண்டியில் நடு இருக்கையைக் கழற்றினால்தான் அந்த வழி கிடைக்கும். குழந்தை சீட்டை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி எந்தெந்த இருக்கையில் இருக்கிறது, அந்தச் சீட்டின் மேல் பட்டையை மாட்டும் வளையம் எங்கே என்பதைக் கையை விட்டுத் தேடிப் பாருங்கள். மூன்றாவது வரிசையில் மூன்று பேருக்குப் பெல்ட் இருந்தாலும் கொக்கி ஒன்றோ இரண்டோதான் இருக்கும். சாமான் ஏற்றவும் வண்டி வேண்டுமென்றால் இரண்டாம் வரிசை எப்படிக் கழல்கிறது என்பதையும் செய்து பார்க்க வேண்டும். ஒரு இருக்கை 25, 30 கிலோ வரை கனக்கும், தனி ஆளாகத் தூக்கி இறக்குவது முதுகுக்கு நல்லதில்லை. கிரைஸ்லர் குழும வண்டிகளில் 2005 மாடலிலிருந்து இரண்டாம் வரிசையும் தரைக்குள் மடங்கும் ஏற்பாடு வந்தது. வசதியானதுதான், ஆனால் மடங்குவதற்காக மெத்தை மெல்லியதாக இருக்கும், நீண்ட பயணத்தில் பெரியவர்கள் முனகுவார்கள். 2021 முதல் வரும் டொயோட்டா சியன்னாவில் இரண்டாம் வரிசையை வீட்டிலேயே கழற்றும்படி வைக்கவில்லை, இருக்கைக்குள் ஏர்பேக் இருக்கிறது. இதெல்லாம் ஓட்டிப் பார்க்கும்போது தெரியாது, நிறுத்தி வைத்து அரை மணி நேரம் மடக்கி நீட்டினால்தான் தெரியும்.

அடுத்தது ஸ்லைடிங் டோர். இதற்கு நேரம் கொடுங்கள். பொதுவாக ஒரு கதவை மூன்று இடத்தில் உருளைகள் தாங்குகின்றன: மேலே ஒன்று, கீழே ஒன்று, வெளியே கண்ணாடிக்குக் கீழே தெரியும் நடு ரெயிலில் ஒன்று. மோட்டார் பல மாடல்களில் பின்பக்க உள் பேனலுக்குள் இருக்கும், அதிலிருந்து இரும்புக் கம்பி வடம் ஒன்று நடு ரெயில் வழியாக ஓடிக் கதவை இழுக்கும். வடத்தின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் உறை வெயிலிலும் உரசலிலும் உரிந்து, உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து முள் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். ரெயில் முனையில் வடம் வளைந்து உள்ளே போகும் இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். இழை நீட்டிக்கொண்டிருந்தால் அந்த வடம் சீக்கிரம் அறும். அறுந்தால் கதவு பாதியில் நிற்கும், சில சமயம் கையாலும் மூட வராது.

சோதனையை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் டாஷ்போர்டில் பவர் டோருக்கான சுவிட்ச் இருந்தால் அதை அணைத்துவிட்டுக் கதவைக் கையால் திறந்து மூடுங்கள். ஒரு கையால் சீராக ஓட வேண்டும், எங்காவது இறுகினால் உருளையோ ரெயிலோ தேய்ந்திருக்கிறது. பிறகு கதவை முழுக்கத் திறந்து, அதன் பின்முனையைப் பிடித்து மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் நடு உருளையின் முட்டு தேய்ந்துவிட்டது. அப்புறம் சுவிட்சைப் போட்டு ஐந்தாறு முறை தொடர்ந்து மின்சாரத்தில் திறந்து மூடுங்கள். முதல் இரண்டு முறை ஒழுங்காக ஓடிவிட்டு, மோட்டார் சூடான பிறகு முக்கால் தூரத்தில் நின்று பீப் அடித்துத் திரும்பிப் போகும் கதவுகள் உண்டு. சரிவில் வண்டியின் முகம் கீழே இருக்கும்படி நிறுத்தித் திறந்தும் பாருங்கள், திறந்த கதவு அப்படியே நிற்க வேண்டும். தானாக நழுவி வந்தால் பிடித்துவைக்கும் கொக்கி போயிருக்கிறது. குழந்தை விரலை வைக்கும் இடம் அது, இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சாவியில், உள் பொத்தானில், கதவுக் கைப்பிடியில் என்று எல்லா வழியிலும் திறந்து பாருங்கள். ஒன்றில் மட்டும் வேலை செய்யாமல் இருந்தாலோ, சில நேரம் திறந்து சில நேரம் திறக்காமல் இருந்தாலோ, கதவோடு வளைந்து வளைந்து போகும் ஒயர் கட்டுக்குள் ஏதோ ஒரு ஒயர் ஒடிந்திருக்க வாய்ப்பு அதிகம். இது தேடிக் கண்டுபிடிக்க நேரம் பிடிக்கும், நேரத்துக்குத்தான் மெக்கானிக் காசு வாங்குகிறார்.

ஒரு சின்ன விஷயம். பெட்ரோல் மூடி திறந்திருந்தால் அந்தப் பக்கத்து ஸ்லைடிங் டோர் திறக்காது, அல்லது கொஞ்சம்தான் திறக்கும். கதவு போய் மூடியில் இடிக்கக் கூடாது என்று வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு இது. சைல்ட் லாக் போட்டிருந்தால் உள் கைப்பிடி வேலை செய்யாது. இந்த இரண்டையும் பார்க்காமல் கதவு பழுது என்று ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறவர்கள் உண்டு. பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு கதவு மின்சாரத்தில் ஓட மறுத்தாலும் பயப்பட வேண்டாம். பல வண்டிகளில் கையால் ஒருமுறை இறுக மூடினால் கதவு தன் நிலையைக் கண்டுகொள்ளும், சரியான முறை மேனுவலில் இருக்கும்.

வடம் அறுந்தால் கம்பெனி சர்வீஸில் மோட்டாரோடு சேர்த்து முழு செட்டையும் மாற்றச் சொல்வார்கள். பல மாடல்களுக்கு வடம் மட்டும் தனியாகக் கிடைக்கிறது, செலவு பல மடங்கு குறையும். இரண்டிலும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான்: பின்பக்க உள் பேனலையும் மூன்றாம் வரிசை பெல்ட்டின் போல்ட்டையும் கழற்ற வேண்டியிருக்கும். ஆகவே பில்லில் உதிரிபாகம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். நாமே செய்யலாம் என்று இறங்குகிறவர்கள், கூரை ஓரம் ஏர்பேக் இருக்கிறது என்பதை மறக்காமல் பேட்டரியைக் கழற்றிச் சற்று நேரம் விட்டுத் தொடங்க வேண்டும். பராமரிப்பு என்று பார்த்தால் எளிது. கீழ் ரெயிலில் மணல், காசு, பிஸ்கட் தூள் சேரும். மாதம் ஒருமுறை வாக்குவம் போட்டு ஈரத்துணியால் துடைத்தால் போதும். ரெயிலில் கிரீஸைக் கொட்டாதீர்கள், மணல் ஒட்டி உப்புத்தாள் மாதிரி உருளையைத் தின்றுவிடும். உருளையின் அச்சுக்கு வெள்ளை லித்தியம் கிரீஸ் ஒரு துளி, ரப்பருக்கு சிலிகான் ஸ்பிரே, அவ்வளவுதான்.

பின் ஏசியைப் பற்றி விற்கிறவர் சொல்லவே மாட்டார், ஏனென்றால் அவர் முன்னால்தான் உட்கார்ந்திருப்பார். முன்னாலிருந்து குளிர்க்காற்றுப் பின்னால் போவதில்லை, பின்னுக்கென்று தனி குளிர்ச்சுருளும் விசிறியும் உண்டு. கேஸ் போகும் அலுமினியக் குழாய் வண்டிக்கு அடியில் முன்னாலிருந்து பின் சக்கரம் வரை ஓடுகிறது. சேறும் உப்பும் படும் இடம் அது, அரித்துப் பொத்தலாகும். கேஸோடு எண்ணெயும் கசியும் என்பதால் பொத்தலான இடத்தைச் சுற்றிப் புழுதி ஒட்டி ஈரக் கறுப்பாக ஒரு திட்டு இருக்கும். பின் சக்கரத்துக்கு முன்னால் குனிந்து டார்ச் அடித்தால் தெரியும். சோதிக்க ஒரு சமையலறைத் தெர்மாமீட்டர் போதும். வண்டியை நிழலில் நிறுத்தி, முன்னும் பின்னும் ஏசியை முழு வேகத்தில் பத்து நிமிடம் ஓட்டி, இரண்டு பக்கக் காற்றுத் துளைகளிலும் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கக் கூடாது. முன்னால் ஜில்லென்றும் பின்னால் வெதுவெதுப்பாகவும் வந்தால் கேஸ் குறைந்திருக்கலாம், பின் குளிர்ச்சுருளுக்குள் கேஸை அளவாக விடும் எக்ஸ்பான்ஷன் வால்வு அடைத்திருக்கலாம், சூட்டையும் குளிரையும் கலக்கும் மடலின் மோட்டார் போயிருக்கலாம். கடைசியாகச் சொன்னது என்றால் பேனலுக்குள் டிக் டிக்கென்று சத்தம் வரும், பல்சக்கரம் நழுவும் சத்தம் அது. மூன்றில் இதற்குத்தான் செலவு குறைவு.

கேஸ் நிரப்பும்போதும் கவனம் வேண்டும். பின் ஏசி உள்ள வண்டிக்குக் கேஸ் அளவு கூடுதல். பானட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று எழுதியிருக்கும், அந்த எடைக்கு நிரப்பச் சொல்லுங்கள். கையை வைத்துப் பார்த்து நிரப்புகிறவரிடம் விட்டால் முன்னால் குளிரும், பின்னால் குழந்தைகள் வியர்த்துப் போவார்கள். கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்புவது வீண் செலவு, வருஷா வருஷம் அதே பில் வரும். அதே வழியில் பின் ஹீட்டருக்கான கூலன்ட் குழாயும் பல வண்டிகளில் போகிறது. அதன் இணைப்பு கசிந்தால் கூலன்ட் மெல்ல மெல்லக் குறைந்து எஞ்சின் சூடேறும், வெளியே சொட்டே தெரியாது. கூலன்ட் அடிக்கடி குறைகிறது, ரேடியேட்டரில் கசிவில்லை என்றால் முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள்.

மூன்றாவது வரிசை மடங்கிப் போகும் பள்ளத்தின் கார்பெட்டைத் தூக்கிக் கையை வைத்துப் பாருங்கள். ஈரமோ வெண்பூஞ்சையோ மக்கிய வாடையோ இருந்தால் பின் விளக்கின் ரப்பர், கூரைக் கம்பியின் போல்ட், சன்ரூஃப் வடிகால் இவற்றில் எங்கிருந்தோ தண்ணீர் இறங்குகிறது. டிக்கிக் கதவைப் பாதி திறந்து விடுங்கள், அப்படியே நிற்க வேண்டும். மெல்ல இறங்கினால் தாங்கும் கேஸ் கம்பி தீர்ந்துவிட்டது. மாற்றுவது எளிது, ஆனால் மாற்றும் வரை தலையில் விழும்.

இனி ஓட்டிப் பார்ப்பது. எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போய், முதலில் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடலாம். குளிர்ந்த கியர்பாக்ஸ்தான் உண்மையைச் சொல்லும். பிரேக்கை மிதித்தபடி ரிவர்ஸும் டிரைவும் மாற்றிப் போடுங்கள், ஏறக்குறைய ஒரு வினாடிக்குள் பிடிக்க வேண்டும். தாமதித்துத் தடாலென்று இடித்தால் விட்டுவிடுங்கள். சமதரையில் 50 முதல் 70 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மட்டும் மிதித்து ஓட்டுங்கள். எஞ்சின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கொடுக்கும் டார்க் கன்வெர்ட்டர் பூட்டிக்கொள்ளும் வேகம் அது. நல்ல ரோட்டிலேயே வண்டி லேசாக நடுங்கினால், ஆர்பிஎம் முள் மேலும் கீழும் துடித்தால், அங்கே கோளாறு இருக்கிறது. இரண்டு டன் வண்டி, முழுக்க ஆள், ஏசி, மேட்டு ரோடு என்று மினிவேனின் கியர்பாக்ஸ் காரைவிட அதிகம் சூடாகும். 2004-இல் ஹோண்டா சூட்டினால் இரண்டாவது கியர் உடையும் அபாயத்துக்காகத் தன் மினிவேனான ஒடிஸி உள்ளிட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தது. வண்டியின் 17 எழுத்து அடையாள எண்ணைத் (விஐஎன்) தயாரிப்பாளரின் தளத்தில் போட்டால் இப்படிப்பட்ட ரீகால் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று தெரியும், அந்த வேலைக்குக் காசு கிடையாது. வாங்குவதற்கு முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.

எஞ்சினில் கேட்க வேண்டியது முக்கியமாக ஒன்றுதான்: வால்வுகளை நேரம் தவறாமல் இயக்குவது டைமிங் பெல்ட்டா, செயினா? ஒடிஸியின் 3.5 லிட்டர் வி6-இல் பெல்ட், ஏறக்குறைய 1,60,000 கிலோமீட்டர் அல்லது 7 வருஷத்தில் மாற்ற வேண்டும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். மாற்றிய ரசீது கையில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு வைத்து, பெல்ட், வாட்டர் பம்ப், டென்ஷனர், ஐட்லர் எல்லாம் சேர்ந்த செலவை விலையில் கழியுங்கள். "போன வருஷம்தான் மாத்தினோம்" என்ற வாய்வார்த்தைக்கு மதிப்பில்லை. 2005-லிருந்து ஒடிஸியின் சில வகைகளில், பின்னர் எல்லாவற்றிலும், சீராக ஓடும்போது சில சிலிண்டர்களை நிறுத்தி வைக்கும் ஏற்பாடு வந்தது. அப்படிப்பட்ட வண்டியில் ஆயில் குறைகிறதா என்றும் எஞ்சின் மவுண்ட் அதிர்கிறதா என்றும் பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அடிக்கோட்டுக்குக் கீழே இருந்தால் அதற்கு விற்கிறவர் சொல்லும் காரணம் எதுவானாலும் சரி, தலையை மட்டும் ஆட்டிவிட்டு விலையைக் குறையுங்கள்.

வாங்கிய முதல் மாதத்தில் செய்ய வேண்டியது கியர்பாக்ஸ் ஆயில். ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று சில கம்பெனிகள் சொல்வதை நான் நம்புவதில்லை. முழு ஆள் ஏற்றி ஓடும் வண்டிக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. கீழே போல்ட்டைத் திறந்து வடித்தால் மூன்று நான்கு லிட்டர்தான் இறங்கும், மிச்சம் டார்க் கன்வெர்ட்டருக்குள் தங்கிவிடும். அதனால் வடித்து நிரப்பி, கொஞ்சநாள் ஓட்டி, மறுபடி வடித்து நிரப்ப வேண்டும். மேனுவலில் சொன்ன வகை ஆயிலே வேண்டும், எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று விற்பதை வாங்காதீர்கள். ஏற்கெனவே வழுக்கும் கியர்பாக்ஸ் புது ஆயிலால் பிழைக்காது, அதற்குச் செலவழிக்கவும் வேண்டாம்.

பேட்டரியையும் அப்போதே அளந்துவிடுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் நல்லது, 12.2-க்குக் கீழே என்றால் பாதி தீர்ந்திருக்கிறது. பேட்டரி சோர்ந்தால் இந்த வண்டி முதலில் காட்டுவது கதவில்தான்: பாதி வந்து திரும்பும், மூடிய பிறகும் திறந்திருப்பதாக விளக்கு எரியும். கதவு மோட்டாருக்குக் காசு கொடுப்பதற்கு முன்பு மல்ட்டிமீட்டரை வைத்துப் பாருங்கள்.

எடைக்கணக்கைப் பலர் பார்ப்பதே இல்லை. டிரைவர் கதவுச் சட்டத்தில் ஸ்டிக்கர் இருக்கும், ஆளும் சாமானும் சேர்ந்து எவ்வளவு ஏற்றலாம் என்று அதில் அல்லது மேனுவலில் போட்டிருக்கும். பெரிய மினிவேன்களில் அது 500, 600 கிலோவை ஒட்டி வரும். ஆளுக்கு 70 கிலோ என்று ஏழு பேரை ஏற்றினாலே 490 ஆகிவிட்டது, பெட்டிகளுக்கு மிச்சம் கொஞ்சம்தான். கூரைப் பெட்டியும் இந்தக் கணக்குக்குள்தான் வரும், கூரைக்குத் தனி வரம்பும் உண்டு. டயர் மாற்றும்போது அளவு பொருந்தினால் போதாது, டயரில் அளவுக்குப் பின்னால் எழுதியிருக்கும் எடை எண்ணும் பழைய எண்ணுக்குக் குறையக் கூடாது. 104 என்றால் ஒரு டயர் 900 கிலோ தாங்கும், 98 என்றால் 750 கிலோதான். விலை குறைவாகக் கிடைக்கும் டயரில் பலசமயம் குறைந்திருப்பது இந்த எண்தான். காற்று கதவு ஸ்டிக்கரில் உள்ளபடி இருக்கட்டும், டயர்ப் பக்கத்தில் எழுதியிருப்பது டயரின் உச்ச அளவு.

ஸ்டெப்னி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து ஒருமுறை இறக்கிப் பாருங்கள். சில வண்டிகளில் பின்னால் அடியில் தொங்கும், சிலவற்றில் நடுவில், சிலவற்றில் இருக்கவே இருக்காது, காற்றடிக்கும் டப்பா மட்டும்தான். அடியில் கம்பி வடத்தில் தொங்குவது துருப்பிடித்தால் இறங்காது, அல்லது ஓடும்போது தானாக இறங்கிவிடும். பழைய சியன்னாக்களை 2010-இல் டொயோட்டா திரும்ப அழைத்தது இந்த வடத்துக்காகத்தான். நான்கு சக்கரமும் இழுக்கும் சியன்னாவில் பல வருஷம், காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்-ஃபிளாட் டயரே வந்தது, ஸ்டெப்னி கிடையாது. அந்த டயரின் விலையை விசாரித்துவிட்டு வண்டிக்கு விலை சொல்லுங்கள்.

மெதுவாகச் சுருளும் சீட் பெல்ட்டை மாற்றச் சொல்வார்கள், பெரும்பாலும் தேவையில்லை. பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்து, உள்ளே ஓடாமல் ஒரு கிளிப் போட்டு, மிதமான சோப்புத் தண்ணீரில் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு விட்டால் பழையபடி சுருளும். கழற்றி வைத்த இருக்கைகளை நிமிர்ந்த நிலையில், கொக்கிகளில் துணி சுற்றி, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். ஹெட்ரெஸ்ட்டையும் தரை மூடிகளையும் ஒரு பையில் போட்டு அதே இருக்கையில் கட்டிவிடுங்கள். விற்கும்போது வாங்க வருகிறவர் முதலில் எண்ணுவது இருக்கைகளைத்தான், ஒன்று குறைந்தாலும் விலையில் பெரிதாகக் கழித்துவிடுவார்.